ஆங்கில வாக்கியத்தின் அழுத்தமும் ஜப்பானியச் செவியும்

லண்டனில் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தின் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் ஒரு ஜப்பானியப் பிரயாணி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யார்க் நகருக்கு இரண்டு டிக்கெட் வேண்டுமென்று அவர் கேட்க, உள்ளே இருப்பவர் கவனக்குறைவாக மூன்று டிக்கெட்டுக்கு விலை சொல்லிவிடுகிறார். பள்ளியில் ஆறு வருஷம் ஆங்கிலம் படித்த அந்தப் பிரயாணி, இலக்கணப் பிழை சிறிதுமின்றி, 'ஐ ஆஸ்க்ட் ஃபார் டூ டிக்கெட்ஸ் டு யார்க்' என்று நிதானமாகத் திருத்துகிறார். உள்ளே இருப்பவரோ புருவத்தைச் சுருக்கி, 'யார்க்குக்குத்தானே கொடுக்கிறேன், இதில் என்ன தகராறு?' என்பதுபோல் அவரைப் பார்க்கிறார். சொல்லில் குறை ஒன்றுமில்லை. ஆயினும் திருத்தம் போய்ச் சேரவில்லை.

எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் அந்த வாக்கியம் பேச்சில் பலவாகப் பிரிந்துவிடுகிறது. 'டூ' என்ற இடத்தில் குரலை ஊன்றினால் மூன்றல்ல, இரண்டே என்று பொருள். 'யார்க்' என்ற இடத்தில் ஊன்றினால் வேறு ஊருக்கு அல்ல என்று பொருள். 'ஐ' என்ற முதற்சொல்லில் ஊன்றினாலோ, கேட்டவன் நான், எனக்குப் பின்னால் நிற்பவர் அல்லர் என்று பொருள். ஒரு சொல்லையும் இடம் மாற்றாமல், ஒரு சொல்லையும் புதிதாகச் சேர்க்காமல், இத்தனை காரியங்களையும் ஆங்கிலம் குரல் ஒன்றைக் கொண்டே நடத்திக்கொள்ளுகிறது. ஒலியியலார் இதனை வாக்கிய அழுத்தம் என்று வழங்குவர். ஜப்பானிய மாணாக்கர் ஆங்கிலம் பயிலும்போது இந்த அழுத்தத்தை எவ்வாறு வெளியிடுகிறார்கள், பிறர் வெளியிடுவதை எவ்வாறு உணர்கிறார்கள் என்பது மிகுந்த சுவையுடைய ஆராய்ச்சித் துறையாகும்.

ஜப்பானியர் பேசும் ஆங்கிலம் ஏற்ற இறக்கமின்றித் தட்டையாக இருக்கிறது என்று ஆங்கிலேய உபாத்தியாயர்கள் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. அந்தக் குறையில் உண்மை இருந்தபோதிலும், அது நோயின் மூலத்தைத் தொடுவதாக எனக்குத் தோன்றவில்லை. இன்ன சொல்லை உயர்த்திச் சொல் என்று கேட்டுக்கொண்டால் ஜப்பானிய மாணாக்கர் அதை உயர்த்தியே சொல்லிவிடுகிறார். சுருதியை உயர்த்துவது அவருக்குத் தாய்மொழியிலேயே கைவந்த வித்தை. அவருக்கு உண்மையில் சிரமமாக இருப்பது மற்றச் சொற்களைத் தாழ்த்துவது. எல்லோரும் நின்றுகொண்டிருக்கும் பந்தலில் ஒருவர் மாத்திரம் நுனிக்காலில் எம்பி நின்றால் எவர் கண்ணிலும் படமாட்டார். மற்றவர் உட்கார்ந்துவிட்டாலோ அவர் எம்பவே வேண்டியதில்லை. ஆங்கில அழுத்தத்தின் பெரும்பகுதி இவ்விதம் உட்காரவைக்கும் வேலையே ஆகும். அந்த வேலை ஜப்பானிய நாவுக்கும் செவிக்கும் ஏன் அந்நியமாக இருக்கிறது என்பதைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

ஜப்பானிய மொழியின் அளவுகோலை நம்மவர்க்கு விளக்குவது எளிது. ஏனெனில் 'மாத்திரை' என்ற சொல் நம் இலக்கணத்தில் தொன்றுதொட்டு இருக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது அங்கும் வழக்கு. நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. அங்கே அசையின் இறுதியில் நிற்கும் 'ன்' என்ற ஒலியும், இரட்டிக்கும் மெய்யின் முற்பாதியும் முழுதாக ஒரு மாத்திரை பெறும். ஆகையால் 'நிப்போன்' என்பது நி, ப், போ, ன் என்று நான்கு மாத்திரை. 'டோக்கியோ' என்று நாம் சொல்லும் நகரமும், இரண்டு நெடில்கள் கூடிய நான்கு மாத்திரை. ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து என்ற கணக்கும் இந்த மாத்திரைக் கணக்கே. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஏறத்தாழ ஒரே அளவான காலத்தைக் கொடுத்துப் பேசுவது ஜப்பானியரின் இயல்பு. முக்கியமான சொல் என்பதற்காக அதன் மாத்திரைகள் நெடிதாக வீங்குவதும், முக்கியமற்றது என்பதற்காகச் சுருங்கி மறைவதும் அங்கே ஆங்கிலத்தில் போல நிகழ்வதில்லை.

இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் நுழைபவருக்கு நேர்வதை அந்த டிக்கெட் வாக்கியத்தைக் கொண்டே அளந்து காட்டலாம். ஆங்கிலேயர் வாயில் அது எட்டே அசை. அதையே ஜப்பானியக் கானா எழுத்தில் எழுதி, எழுத்துக்கூட்டிப் படித்தால், 'ஆஸ்க்ட்' என்ற ஓரசைச் சொல் 'அசுகுதொ' என்று நான்கு மாத்திரையாகவும், 'யார்க்' என்பது 'யோஓகு' என்று மூன்று மாத்திரையாகவும் விரிந்து, வாக்கியம் முழுவதும் பத்தொன்பது மாத்திரைக்கு வந்து நிற்கிறது. இந்தப் பத்தொன்பதும் சமமாக நிற்கும்போது, அவற்றில் இரண்டே மாத்திரையுள்ள 'டூ' எப்படித் தலைதூக்கும்? அதைவிட நுட்பமான சங்கடமும் அங்கே இருக்கிறது. இரண்டு என்று பொருள்படும் 'டூ'வும், நான்காம் வேற்றுமைபோல் நிற்கும் 'டு'வும், தனியாக முழுக்குரலில் உச்சரிக்கப்படும்போது ஆங்கிலத்தில் ஒரே ஒலியுடையவை. பின்னது பேச்சில் தேய்ந்து, 'ட' என்ற மெல்லிய அரைகுறை ஒலியாகக் குறுகிவிடுவதனாலேயே கேட்பவர் இரண்டையும் பிரித்தறிகிறார். தேய வேண்டியதைத் தேயவிடாமல் மரியாதையோடு முழுதாக உச்சரிப்பவர், ஒரே வாக்கியத்தில் இரண்டு தடவை 'இரண்டு' என்று சொன்னவர்போல் ஆகிவிடுகிறார்.

தேய்தல் என்றேன். ஆங்கில உச்சாரணத்தில் அழுத்தம் பெறாத உயிரொலி தன் முகத்தை இழந்து, வாயின் நடுவில் பிறக்கும் ஒரு மங்கிய ஒலியாக மாறிவிடுகிறது. 'பனானா' என்னும் வாழைப்பழப் பெயரை ஆங்கிலேயர் சொல்லும்போது நடுவிலுள்ள ஆகாரம் ஒன்றே தெளிவாகக் கேட்கும். முன்னும் பின்னும் உள்ளவை மங்கிப்போகும். ஜப்பானியரும் அதே சொல்லைத் தம் மொழியில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மூன்று அகரங்களையும் சம அந்தஸ்தோடு வைத்து, முதல் எழுத்தில் சுருதியை உயர்த்தி அங்கிருந்து இறக்குகிறார்கள். பிறமொழிச் சொல்லில் இறுதியிலிருந்து மூன்றாம் மாத்திரைக்குப் பிறகு சுருதி இறங்குவது அவர்களுடைய பொது வழக்கு. ஜப்பானிய மொழியில் அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து உயிர்களே உண்டு. அந்த மங்கிய ஒலிக்கு அங்கே இடமில்லை. அங்கும் சில உயிர்கள் ஓசையிழந்து போவது உண்டு; 'தெசு' என்பது வாயில் 'தெஸ்' என்றே முடிகிறது. ஆனால் அந்த மறைவு பக்கத்திலுள்ள மெய்களின் தன்மையைப் பொறுத்து நிகழ்வதேயன்றி, சொல்லின் முக்கியத்தைப் பொறுத்து நிகழ்வதன்று.

இனிச் சுருதியைப் பற்றிக் கூற வேண்டும். ஜப்பானியத்தில் சுருதி சொல்லின் உடைமை. தோக்கியோ வழக்கில் 'அமே' என்பதன் முதல் மாத்திரையை உயர்த்தி இரண்டாவதைத் தாழ்த்தினால் மழை. தாழ்வில் தொடங்கி உயர்த்தினால் மிட்டாய். 'ஹஷி' என்பது உயர்ந்து தாழ்ந்தால் உணவுக்குச்சி. தாழ்ந்து உயர்ந்தால் பாலம். கியோத்தோவுக்குப் போனால் இந்தக் குச்சியும் பாலமும் சுருதியை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்கின்றன. இபராக்கி, மியாகி முதலிய வடகிழக்குப் பிரதேசங்களின் பெரும்பகுதியிலோ இந்தச் சுருதி வேற்றுமையே கிடையாது. எப்படியாயினும், குழந்தைப் பருவம் முதலாகச் சுருதியின் ஏற்றத்தாழ்வைச் சொல்லோடு பிணைத்தே கேட்டுவந்த செவி அது. ஒரே சொல் இன்றைய வாக்கியத்தில் உயர்ந்தும் நாளைய வாக்கியத்தில் படுத்தும் கிடக்கலாம் என்ற ஆங்கில ஏற்பாடு அந்தச் செவிக்குப் புதுமையாகத்தான் இருக்கும்.

வாக்கியத்தில் முக்கியமானதைச் சுட்டிக்காட்ட ஜப்பானியர்க்கு வழியே இல்லையென்று இதனால் எண்ணிவிடக் கூடாது. குரலால் சுட்டும் வழியும் அங்கு உண்டு. முக்கியமான சொல்லில் சுருதியின் வீச்சை விரித்து, அதற்குப் பின்வருவதைச் சுருக்கியும் அவர்கள் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பாரத்தின் பெரும்பங்கை இடைச்சொற்கள் தாங்கிக்கொள்கின்றன. 'யார் வந்தார்?' என்ற கேள்விக்கு விடை சொல்லும்போது பெயருக்குப் பின் 'கா' என்ற இடைச்சொல் வரும். வந்த தனாக்கா என்பவரைப் பற்றி வேறு பேச்சு நடக்கும்போது அதே இடத்தில் 'வா' என்பது வரும். 'மட்டும்' என்பதற்குத் 'தாகே' உண்டு. 'அதுவேதான்' என்று ஊன்றிச் சொல்வதற்குக் 'கொசோ' உண்டு. 'தான்' என்றும் ஏகாரம் என்றும் இரண்டு கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு, 'அவன்தான்', 'அவனே' என்று சொல்லால் சுட்டிப் பழகிய தமிழர்க்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும். (தமிழும் ஜப்பானியமும் ஒரு குடியின என்று நிறுவ முயன்ற சுசுமு ஓனோவின் கொள்கையை மொழியியலறிஞர் பெரும்பாலோர் ஏற்கவில்லை, இந்த ஒற்றுமைக்கு அந்த உறவு தேவையுமில்லை.)

இதனினும் முக்கியமான வேறொன்று, போதிய கவனத்தைப் பெறவில்லையென்று நான் நினைப்பது, சொல்லாமல் விடுதல் என்னும் வழக்கம். இருவரும் அறிந்த செய்தியை ஜப்பானியர் பெரும்பாலும் வாயால் சொல்வதே இல்லை. தோக்கியோவில் அதே டிக்கெட் தவறு நேர்ந்தால், 'ஈயே, நிமாய் தெஸ்', அதாவது 'இல்லை, இரண்டு' என்று மூன்றே சொல்லில் காரியம் முடிந்துவிடும்; நான் கேட்டேன் என்பதும், டிக்கெட் என்பதும், ஊர்ப்பெயரும் எதற்கு? ஆங்கிலத்திலும் 'நோ, டூ' என்று வெட்டிச் சொல்வது உண்டு. ஆயினும் எழுவாயும் வினையும் செயப்படுபொருளும் கூடிய முழு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டே போவது அம்மொழியின் பொது இயல்பாகையால், தெரிந்ததை விட்டுவிட முடியாத அந்த மொழி, தெரிந்ததைத் தணிந்த குரலில் சொல்லக் கற்றுக்கொண்டது. விட்டுவிடக்கூடிய மொழிக்காரருக்குத் தணித்துச் சொல்லும் தேவை அவ்வளவாக ஏற்பட்டதில்லை. அவர் ஆங்கிலம் பேசும்போது, தம் தாய்மொழியில் வாயிலேயே வந்திராத 'ஐ'யையும் 'யூ'வையும் முதன்முதலாகச் சொல்ல நேர்ந்து, அவற்றுக்கு முழு மரியாதையும் கொடுத்துவிடுகிறார். கேட்கும் ஆங்கிலேயரோ, 'நான்' என்பதை இவர் ஏன் இப்படி அழுத்துகிறார், யாரை மறுக்கிறார் என்று திகைக்கிறார்.

பேசுவதில் உள்ள இந்த நிலை கேட்பதிலும் உண்டு. ஆனால் அதன் போக்கு வேறு. அழுத்தம் என்று காது எதை அறிகிறது என்பதை முதன்முதலில் செயற்கைப் பேச்சொலியைக் கொண்டு சோதித்தவர்களில் ஒருவர் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த டென்னிஸ் ஃப்ரை. பெயராக வரும்போது முன்னசையிலும் வினையாக வரும்போது பின்னசையிலும் அழுத்தம் பெறும் 'ஆப்ஜெக்ட்' போன்ற சொற்களை எடுத்து, காலத்தையும் ஒலிவலிமையையும் சுருதியையும் தனித்தனியே மாற்றிக் கேட்போரிடம் கொடுத்து, 1955லும் 1958லும் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, வலிமையைக் காட்டிலும் கால அளவு அதிகமாகக் காதை ஆளுகிறது; சுருதியின் மாற்றமோ இன்னும் வல்லமையுள்ளது. மேரி பெக்மன் 1986ல் வெளியிட்ட நூலில் ஆங்கிலத்தையும் ஜப்பானியத்தையும் நேருக்கு நேர் வைத்து ஆராய்ந்து, ஜப்பானியச் சொல்லழுத்தம் சுருதியையே சார்ந்து நிற்பதையும், ஆங்கிலத்தில் காலமும் வலிமையும் சுருதியோடு சேர்ந்து ஒருங்கே தொழில் புரிவதையும் காட்டினார்.

இந்த வேற்றுமையால் ஜப்பானியச் செவி மழுங்கியது என்று கொள்வது பெரும் பிழை. கால அளவில் அதற்குள்ள கூர்மை வியக்கத்தக்கது. 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாஅசான்' என்றால் பாட்டி என்று ஒரே மாத்திரை வித்தியாசத்தில் உறவையே பிரித்தறியும் செவி அது. ஆனால் அந்தக் கூர்மை வேறு உத்தியோகத்தில் அமர்த்தப்பட்டிருக்கிறது. தாய்மொழி செவியை எவ்வளவு தூரம் ஆளுகிறது என்பதற்கு, இமானுவேல் துப்பூ என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 1999ல் வெளியிட்ட சோதனை ஒன்றே போதும்: 'எப்ஸோ' என்ற பொருளற்ற ஒலியைக் கேட்ட ஜப்பானியர்கள், நடுவில் இல்லாத உகரத்தைச் சேர்த்து 'எபுஸோ' என்றே கேட்டார்கள், பிரெஞ்சுக்காரர் அப்படிக் கேட்கவில்லை. வாயில் மட்டுமல்ல, காதிலேயே மாத்திரைகள் முளைத்துவிடுகின்றன. அப்படி முளைத்தால் ஆங்கிலேயர் சுருக்கிக் கொடுத்ததை இவர் விரித்துப் பெறுகிறார். சுருக்கத்தின் மூலமாக அவர் அனுப்பிய செய்தி வழியிலேயே கரைந்துபோகிறது.

சுருதி ஒன்றையே நம்பும் செவிக்கு இன்னொரு கண்ணியும் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் எப்போதும் உயர்ந்த சுருதியில் வருவதில்லை. ஆம், இல்லை என்று விடை வேண்டும் கேள்விகளில் முக்கியச் சொல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் விழுந்து, அங்கிருந்து வாக்கியத்தின் முடிவுவரை குரல் ஏறிக்கொண்டே போகும். 'டூ டிக்கெட்ஸ் டு யார்க்?' என்று உள்ளே இருப்பவர் சந்தேகத்தோடு திருப்பிக் கேட்கும்போது, அவர் ஐயுறுவது எண்ணிக்கையை; சுருதியோ உச்சத்தை எட்டுவது ஊர்ப்பெயரில். உயரமே அழுத்தம் என்று கொண்டவர், 'ஆம், யார்க்தான்' என்று கேட்காத கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாகக் கையாளும் சோதனையும் இத்தகையதே: ஒரு வாக்கியத்தைக் கேட்கச்செய்து, இது எந்தக் கேள்விக்கு விடையாக இருக்கும் என்று கேட்பார்கள். எந்த அசை ஓங்கியது என்று சொல்லுவது ஒரு திறமை. அந்த ஓங்கலிலிருந்து பேசுபவர் மனத்தில் இருந்த கேள்வியை ஊகிப்பது வேறொரு திறமை. முன்னது இருந்தும் பின்னது இல்லாமற் போகலாம். பாடசாலைகளில் பயிற்றப்படாமல் கிடப்பது பின்னதே.

வரலாற்றை நோக்கினால், இந்த விஷயத்தை ஜப்பானுக்கு எடுத்துச்சொல்ல ஆள் இல்லாமல் இருந்ததில்லை. ஆங்கில ஒலிப்போக்கைப் பற்றிப் பயிற்சிகளோடு கூடிய நூலொன்றை 1922ல் வெளியிட்ட ஹரால்ட் பாமர், அதே வருஷம் ஜப்பானியக் கல்வி அமைச்சின் மொழிபோதனை ஆலோசகராகத் தோக்கியோ சென்று, அடுத்த வருஷம் ஆங்கிலப் போதனை ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவி, 1936 வரையில் வாய்மொழிப் பயிற்சியே முதலில் வரவேண்டும் என்று ஓயாது வற்புறுத்தி வந்தார். அவ்வளவு தகுதியுடையவர் பதினான்கு வருஷம் பாடுபட்டும், வகுப்பறையை ஆண்டுவந்தது 'யாகுதோக்கு' என்ற மொழிபெயர்ப்பு வாசிப்பே. சீன நூல்களைச் சொல்லுக்குச் சொல் ஜப்பானிய முறைக்கு மாற்றி வாசித்த பழைய சம்பிரதாயத்தின் வழித்தோன்றலான அந்த முறையில், வாக்கியம் கண்ணால் பிரிக்கப்படும் பொருளேயன்றிக் குரலால் நடத்தப்படும் பொருள் அல்ல. பரீட்சையும் அதற்குத் துணைநின்றது. 1990 முதல் 2020 வரை நடந்த தேசியப் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில், சொல்லின் எந்த அசையில் அழுத்தம் என்பதை மாணாக்கர் காகிதத்தில் குறிகாட்டி மதிப்பெண் பெற்றார்கள். காதால் கேட்கும் பரீட்சை 2006ல்தான் சேர்ந்தது. தம் வாயால் ஒருமுறைகூட அழுத்திச் சொல்லாத சொல்லுக்கு அழுத்தக்குறி இடத் தெரிந்த தலைமுறைகள் இவ்வாறு உருவாயின; அதற்காக அந்த மாணாக்கர்மீது குறை கூறுவது அநியாயம்.

அழுத்தத்தைக் கற்பிக்கத்தான் வேண்டுமா என்ற விவாதமும் நடந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலம் இன்று ஆங்கிலேயரல்லாதார் பலர் தமக்குள் பேசிக்கொள்ளும் பாஷையாகிவிட்டபடியால், ஆங்கிலேயரைப் போலவே உச்சரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000ல் வெளியிட்ட நூலில் வாதித்தார். ஜப்பானியரும் சுவிஸ் நாட்டு ஜெர்மன் மொழியினரும் பேசிய ஆங்கிலத்தை ஆராய்ந்த அவர், சொற்களைத் தேய்த்துச் சொல்வது தேவையில்லை என்று தள்ளிவிட்டு, வாக்கியத்தின் தலைமை அழுத்தம் சரியான சொல்லில் விழ வேண்டும் என்பதை மட்டும் அவசியமானவற்றுள் வைத்தார். தலைமை அழுத்தத்தின் பயனை லாரா ஹான் 2004ல் வேறு வழியில் காட்டினார்: கொரிய உச்சரிப்புடைய ஒருவரின் விரிவுரையை, அழுத்தம் சரியாகவும், இடம் மாறியும், அடியோடு இல்லாமலும் மூன்று விதமாக அமெரிக்க மாணாக்கர் குழுக்களுக்குக் கேட்பித்தபோது, சரியான அழுத்தத்தோடு கேட்டவர்களே விஷயத்தை அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஜென்கின்ஸின் கொள்கையில் தலைமை அழுத்தம் வேண்டும் என்ற பகுதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். தேய்மானம் வேண்டாம் என்ற பகுதியில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒவ்வோர் இடைச்சொல்லையும் ஆங்கிலேயர்போல் மங்கச் செய்வது அவசியமில்லாமல் இருக்கலாம்; ஆனால் தலைமைச் சொல்லுக்குப் பின்வரும் சொற்களையேனும் தாழ்த்தாமல், தலைமையை மட்டும் எப்படி நாட்டுவது என்பது எனக்கு விளங்கவில்லை.

நல்ல உபாத்தியாயர்கள் கையாளும் உபாயங்களை நோக்கினால், அவற்றுள் பல இந்தத் தாழ்த்துதலையே குறிவைத்திருக்கக் காணலாம். ஜூடி கில்பர்ட் என்ற அமெரிக்க ஆசிரியை, இரு பெருவிரல்களுக்கு இடையே ரப்பர் வளையத்தை மாட்டி, அழுத்தமுள்ள அசையில் இழுத்தும் மற்றவற்றில் தளர்த்தியும் பேசச் செய்வார். இழுப்பதற்குச் சமமாகத் தளர்த்துவதையும் விரல் உணர்கிறது. ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே நிழல்போல் உடன் தொடர்ந்து பேசும் பயிற்சி ஜப்பானில் வெகுவாகப் பரவியிருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்க அவகாசமே இல்லாதபடியால், பத்தொன்பது மாத்திரைக்கும் அங்கே இடமில்லாமற் போகிறது. ஆம்ஸ்டர்டாமில் பால் புர்ஸ்மாவும் டேவிட் வெனிங்கும் உருவாக்கி இலவசமாக வழங்கும் 'பிராட்' என்ற கணினி நிரலில் மாணாக்கர் தம் குரலின் கோட்டைத் திரையில் காணலாம். அங்கே பார்க்க வேண்டியது கோட்டின் சிகரத்தை அல்ல, சிகரத்துக்குப் பிந்திய பகுதியை. ஆங்கிலேயர் கோடு அங்கே தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பயில்பவர் கோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு குன்று எழும்பிக்கொண்டிருக்கும். இந்தக் குன்றுகளைக் கரைப்பதே அவருடைய வேலை; அதற்கு, சொற்களை விட்டுவிட்டு வாக்கியத்தை 'ம்' என்று முணுமுணுத்துப் பழகுவது முதல் படி.

நுழைவுப் பரீட்சையிலிருந்து அந்தக் காகித அழுத்தக்குறிகள் 2021ல் நீக்கப்பட்டு, வாசிப்புக்கும் கேட்டறிதலுக்கும் தலா 100 மதிப்பெண் என்று சமமாக்கப்பட்டுவிட்டது. பேச்சுத் திறனையும் தேசிய அளவில் சோதிக்கும் பொருட்டுத் தனியார் பரீட்சைகளைச் சேர்த்துக்கொள்ளும் திட்டம் 2019ல் எழுந்த எதிர்ப்பினால் ஒத்திவைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. தோக்கியோ மாநகர அரசு மட்டும் 2022 நவம்பர் முதல், அரசு நடுநிலைப் பள்ளிகளின் மூன்றாம் ஆண்டு மாணாக்கர் ஒவ்வொருவரையும் ஒலிவாங்கிக்கு முன் உட்காரவைத்து ஆங்கிலத்தில் பேசச் சொல்லி, அந்தப் பதிவை மதிப்பிட்டு வருகிறது. அங்கே ஒரே வாக்கியத்தை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடையாக இரண்டு விதமாகச் சொல்லும்படி ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டால், அடுத்த வருஷமே தோக்கியோவின் ஒவ்வொரு வகுப்பறையிலும் அதற்கான பயிற்சி தொடங்கிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.